பாட வீடியோ எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்ட: ஆசிரியர்கள் கேட்டவை

வகுப்புக்குத் தாங்களே வீடியோவும் பி.டி.எஃப்.பும் தயாரிக்கும் ஆசிரியர்களின் கேள்விகளுக்கு, சிறப்புப் பள்ளிகளுக்கு மின்பாடம் தயாரிக்கும் ஆசிரியை பதில் சொல்கிறார்.

மேடம், என் வகுப்பில் பார்வையில்லாத மாணவி ஒருத்தி. நான் அனுப்பும் நோட்ஸைப் போன் வாசித்தால் உளறலாக இருக்கிறது என்கிறாள். திரையில் எழுத்து சரியாகத்தானே இருக்கிறது?

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தீர்களா டீச்சர்? அதில் 'அம்மா' என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் செயலி அதைத்தான் வாசிக்கும். கருவிகள் தமிழாகவே அறியும் யூனிகோடு முறைக்கு மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை படித்துப் பாருங்கள், சில எழுத்து நழுவியிருக்கும்.

புத்தகப் பக்கத்தைப் போனில் படமெடுத்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்பும் பழக்கம் இன்னும் மோசம். அதில் எழுத்தே கிடையாது, வெறும் படம். அனுப்பும் முன் ஒரு பத்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே விழுந்தால் சரி. யூனிகோடில் அடித்தாலும் பி.டி.எஃப். ஆக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு. அதனால் நான் வேர்டு கோப்பாகவே அனுப்பிவிடுவேன். அப்புறம், ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், விண்டோஸ் கணினியில் என்.வி.டி.ஏ., இந்த இரண்டு திரைவாசிப்பான்களுமே இலவசம்தான். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் நோட்ஸை நீங்களே ஒருமுறை கேளுங்கள்.

காது கேளாத பிள்ளைகளுக்கு வசன வரி போட்டால் போதாதா?

பலருக்குப் போதாது. பிறவியிலேயே கேளாமல் சைகை மொழியில் வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையில் காட்டினால் அது சைகை மொழி ஆகாது. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தின் அகராதி இணையத்தில் இருக்கிறது. 2021இல் வந்த மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள். கலைச்சொல்லுக்கு அதைப் பாருங்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு நீங்களே சைகை செய்து பதிவிடாதீர்கள், அந்த மொழியில் புழங்குபவரைக் கூப்பிடுங்கள்.

பலரும் மறப்பது ஒன்று. கேட்கிற பிள்ளை காதால் விளக்கத்தையும் கண்ணால் சோதனையையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும். கேளாத பிள்ளைக்கு இரண்டுக்கும் கண்தான். லிட்மஸ் தாள் நிறம் மாறும் நொடியில் அவன் சைகையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதனால் முதலில் விளக்கம், பிறகு சிறு இடைவெளி, பிறகு சோதனை. சைகை செய்பவரை மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிடாதீர்கள். முகபாவமும் அந்த மொழியின் பகுதி.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்து மூன்று வீடியோ எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கணுமா?

வேண்டாம் சார். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இலேயே உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டார்கள். பார்வையில்லாத பிள்ளைக்குக் குரல் தேவைப்படுவது வேறு விஷயம், அதையும் இதையும் குழப்ப வேண்டாம்.

வாசிப்பதில் சிரமப்படும் (டிஸ்லெக்சியா) பையனுக்காகத் திரையில் முழுப் பத்தியும் போட்டு நானே வாசிக்கிறேன். சரிதானா?

படம் ஓடும்போது பத்தியையும் போடாதீர்கள். படம், குரல், அதே சொற்கள் எழுத்தில் என மூன்றும் சேர்ந்தால் கவனம் சிதறும். படத்தோடு குரலும் இரண்டொரு முக்கியச் சொல்லும் போதும். வாசிப்புப் பயிற்சி என்றால் படத்தை நிறுத்திவிட்டு, வாசிக்கும் சொல்லுக்கு மட்டும் நிறம் கொடுங்கள்.

தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'கெ' என்பதில் ஒலியில் பின்னால் வருகிற எகரம் எழுத்தில் முன்னால் நிற்கிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் குறி. இந்தப் பிள்ளைகள் அங்கே தடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தைப் பெரிதாக்கி, ஒன்றரை மடங்கு வரி இடைவெளி விடுங்கள். இருபக்கமும் சீராக்காமல் இடப்பக்கம் மட்டும் ஒட்டி விடுங்கள். நம் சொற்கள் நீளமானவை, இருபக்கமும் இழுத்தால் வரி நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

பின்னணி இசை, நிறம் பற்றி ஏதாவது?

குரல் பேசும்போது இசை வேண்டாம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னுகிற எதுவும் வேண்டாம், வலிப்பு வரும் பிள்ளைக்கு ஆபத்து. நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளைக்காக, 'சிவப்பு நிறக் கோட்டைப் பாருங்கள்' என்று சொல்லாமல் கோட்டின்மேல் பெயரை எழுதிவிடுங்கள். வெள்ளையில் மஞ்சள் எழுத்து யாருக்குமே தெரியாது.

ஆள் நான் ஒருத்திதான். ஒரே பாடத்துக்கு ஐந்து வீடியோ எப்படி மேடம் எடுப்பது?

வீடியோவில் தொடங்காதீர்கள், பேசப்போவதை யூனிகோடில் எழுதுவதில் தொடங்குங்கள். எழுதும்போதே 'இங்கே பாருங்கள்', 'இது அதோடு சேரும்' என்பதையெல்லாம் அடித்துவிட்டு, 'இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் சிறு துளைகள்' என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அந்த ஒரு கோப்பே நோட்ஸ், அதுவே வசன வரி. அதைப் படித்துப் பதிவு செய்தால் ஒலிப்பாடம். சைகை செய்பவருக்கு முன்கூட்டியே கொடுக்கவும் பிரெய்லிக்கு அனுப்பவும் அதுவே போதும். படம் எடுப்பது கடைசி வேலை. நெட் பேக் தீர்ந்த வீட்டுக்கு ஒலிக்கோப்பை மட்டும் அனுப்புங்கள்.