சிப் ஏன் கசிகிறது?

கேள்வி: இயற்பியல் முடித்து மயிரிழை போன்ற நுண்கால்வாய்களில் திரவத்தை ஓட்டும் மைக்ரோஃப்ளூயிடிக்ஸ் ஆய்வில் சேர்ந்திருக்கிறேன். பிடிஎம்எஸ் எனும் சிலிகோன் ரப்பரில் நான் செய்யும் சிப், தண்ணீர் ஏற்றியதும் கண்ணாடியிலிருந்து பிரிந்து கசிகிறது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் ஒட்டும் கட்டத்தில்தான். ஆக்ஸிஜன் பிளாஸ்மாவில், அதாவது மின்னேற்றம் பெற்ற ஆக்ஸிஜன் வாயுவில், அதிக நேரம் வைத்தால் நன்றாக ஒட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. மேற்பரப்பு கண்ணாடிபோல் இறுகி, நுண்ணிய வெடிப்பு விட்டு, பிடிப்பை இழக்கிறது. 30 விநாடியில் தொடங்கிப் பாருங்கள். வெளியே எடுத்ததும் ஒரு நிமிடத்துக்குள் கண்ணாடியோடு சேர்த்துவிடுங்கள். தாமதித்தால் ரப்பருக்குள் இருக்கும் சிறு மூலக்கூறுகள் மேலே வந்து பரப்பை மூடிவிடும். பிறகு 80 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்குங்கள்.

பிளாஸ்மாவுக்கு முன், துளையிட்டபோது விழுந்த துகள்களைச் செலோடேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே ஒரு தூசி இருந்தாலும் அதைச் சுற்றிக் காற்று நின்றுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவினால் முழுக்க உலரவிடுங்கள். ரப்பரே பிசுபிசுத்தால் கலவையைக் கவனியுங்கள்: மூலத் திரவமும் அதை இறுகவைக்கும் திரவமும் எடையில் 10:1, நன்றாகக் கலக்க வேண்டும்.

நுழைவுத் துளையைச் சுற்றி மட்டும் கசிந்தால் ஒட்டலில் குறையில்லை. துளையிடும் கருவியான பஞ்ச் மழுங்கி, துளையைக் கிழித்திருக்கும். பஞ்சை மாற்றுங்கள்; குழாயின் வெளிவிட்டத்தைவிடத் துளை சற்றே சிறிதாக இருக்கட்டும்.