கேளுங்கள் டாக்டரம்மாவிடம்: குட்டி பெருத்துவிடுமா?

கேள்வி: எங்கள் பொமரேனியன் ஐந்து கிலோதான் இருப்பாள். சினை பிடித்து ஒரு மாதம் ஆகிறது. சேர்த்த ஆண் நாய் அவளைவிடப் பெரிய உடம்பு. "இனி சோற்றைக் குறை, குட்டி சின்னதா சுகமாப் பிறக்கும்" என்கிறார் மாமியார். குறைக்கலாமா டாக்டரம்மா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: வேண்டாம்மா. நான் சொன்னதாகவே மாமியாரிடம் சொல்லுங்கள், கோபம் என்மேல் இருக்கட்டும். பட்டினி போட்டால் பிறக்கிற குட்டி நோஞ்சானாகத்தான் வரும். உடம்பு சில்லிட்டு, சர்க்கரை இறங்கி, முதல் இரண்டு நாளிலேயே போய்விடும். தாய்க்கும் முக்கத் தெம்பிருக்காது. அதற்காகக் கொழுக்க வைத்தாலும் திணறுவாள்.

பிறப்பு எடையில் தகப்பனைவிடத் தாயின் கருப்பைக்கே அதிகாரம் அதிகம். ராட்சத ஷயர் குதிரையையும் குட்டையான ஷெட்லாந்து குதிரையையும் மாற்றி மாற்றி இனம் சேர்த்து, 1938இல் வால்டன், ஹாமண்ட் என்ற இருவர் முடிவை வெளியிட்டார்கள். தாய் ஷெட்லாந்து என்றால், தகப்பன் ஷயராக இருந்தும் குட்டி சின்னதாகவே பிறந்தது. நாயிலும் இந்தக் கட்டுப்பாடு உண்டு. ஆனால் அதை நம்பி மண்டை பெருத்த இனத்து ஆணோடு விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, வயிற்றில் எத்தனை குட்டி என்பது. நாலு இருந்தால் ஆளுக்குக் கொஞ்சம். ஒன்றே என்றால் அது மட்டும் பெருக்கும்.

கடைசி மூன்று வாரம் தீனியைக் கூட்டுங்கள். வயிறு நெருக்குவதால் நாலு வேளையாகப் பிரித்து வையுங்கள். சாளையோ சூடையோ அவித்து, முள் எடுத்துச் சோற்றில் பிசையலாம். பச்சை மீனும் கருவாடும் கூடாது. நாள் கணக்குக்கு நம் கரையில் சுலப வழி உண்டு: மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், நாய்ச் சினை 63. சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 58 முதல் 72 வரை போகும்.

கேள்வி: எங்கள் பக் நாய்க்கு எக்ஸ்ரேயில் ஒரே குட்டி என்றார்கள். ஒன்றுதானே, சுலபமாகப் பிறந்துவிடும் அல்லவா?
– வாசகர், கீழக்கரை

பதில்: இந்த வாரக் கடிதங்களில் எனக்குக் கவலை தந்தது இதுதான். பிரசவ வலிக்கான சமிக்ஞை குட்டிகளிடமிருந்தே கிளம்புகிறது. ஒற்றைக் குட்டியின் சமிக்ஞை சில நேரம் போதாது. வலி வராமலே நாள் தள்ளும், குட்டி உள்ளேயே வளரும். பக் இனத்துக்கோ தலை அகலம், இடுப்பு ஒடுக்கம்.

இப்போதே மருத்துவரோடு பேசித் தேதி குறியுங்கள். ராத்திரியில் சிசேரியன் செய்பவர் ராமநாதபுரத்தில் கிடைப்பாரா, மதுரைக்கு ஓட வேண்டுமா என்பதையும் விசாரித்து, வண்டி சொல்லி வையுங்கள். 58ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வையுங்கள். 101 டிகிரியை ஒட்டி இருக்கும் சூடு 99க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி எடுக்கும். அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றாலோ, குட்டி வருமுன் பச்சை நிறத்தில் கசிந்தாலோ உடனே கிளம்புங்கள். 'பிரசவ வலி வர ஊசி போட்டுவிடலாம்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். குட்டி சிக்கியிருக்கும்போது அந்த ஊசி போட்டால் கருப்பையே கிழியலாம்.

கேள்வி: மூன்று குட்டியில் ஒன்று 80 கிராம்தான். பிழைக்குமா?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: சின்ன இனங்களில் 100 முதல் 200 கிராம் சகஜம். 80 குறைவுதான், ஆனால் கைவிடாதீர்கள். ஆளுக்கொரு நிறத்தில் நெயில் பாலிஷ் பொட்டு வைத்து, சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை எழுதுங்கள். முதல் நாள் சற்று இறங்கலாம். பிறகு ஏறிக்கொண்டே வந்து, பத்து நாளுக்குள் இரட்டிப்பாக வேண்டும். பெட்டியைக் கடற்காற்று அடிக்கும் ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். உள்ளே 30 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சில்லிட்ட குட்டிக்குப் பால் ஊற்றாதீர்கள், முதலில் சூடேற்றுங்கள். பால் அதிகம் சுரக்கும் பின்காம்பில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: சினை நாய்க்கு இப்போதே கால்சியம் டானிக் கொடுக்கலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: கூடாது. இப்போது கொடுத்தால் எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் பழக்கம் உடம்புக்கு மந்தமாகிவிடும். பால் கொடுக்கும் நாட்களில், முக்கியமாக இரண்டாம் வாரத்துக்குப் பிறகு, கைகால் விறைத்து நடுங்கினால் அது கால்சியம் இறங்கியதன் அடையாளம். குட்டிகளைப் பிரித்துவிட்டு அந்த மணிநேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

கேள்வி: குட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு விலை என்கிறார்கள். பத்து மாதப் பெட்டை, இரண்டு கிலோ. சேர்க்கலாமா?
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: கூடாது தம்பி. நாய் வளர்த்து விற்பவர்களுக்கான 2017 மத்திய விதிகளின்படி, 18 மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கவே கூடாது. வயது வந்தாலும் இவளை விட்டுவிடுங்கள். பெட்டை நல்ல உடம்பு, ஆண் அவளைவிடச் சின்னது. சோடி அப்படித்தான் அமைய வேண்டும்.