பூம்பாறைக்குப் போகிறீர்களா, குளத்துக்கா?

கேள்வி: அரையாண்டு விடுமுறைக்கு நாங்கள் எட்டுப் பேர் கொடைக்கானல் போகிறோம். பூம்பாறைக்குப் பக்கத்தில் நீச்சல் குளத்தோடு ஒரு வில்லாவை என் கொழுந்தனார் பார்த்து வைத்திருக்கிறார். ஒரு ராத்திரிக்கு 22,000 ரூபாய். “பிள்ளைங்க நாள் பூரா தண்ணியிலயே கிடப்பாங்க அண்ணி” என்கிறார். பிள்ளைகளுக்கு 6 வயதும் 9 வயதும். மாமியாருக்கு 71, முழங்கால் வலி உண்டு. அவருக்குப் பூம்பாறை முருகன் கோயிலில் குழந்தை வேலப்பரைப் பார்த்தால் போதும். பாதிப் பணம் முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: இன்னும் கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் வில்லாக்காரருக்கு போன் போட்டு, குளத்துத் தண்ணீரைச் சூடு பண்ணுகிறார்களா என்று கேளுங்கள். “சோலார் இருக்குங்க, வெயிலடிச்சா சூடாயிடும்” என்று பதில் வந்தால், இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பூம்பாறை 6,000 அடிக்கு மேலே இருக்கிற ஊர். டிசம்பர் கடைசியில் அங்கே ராத்திரிக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும்; சில விடியற்காலைகளில் புல் மேல் உறைபனி படிந்திருக்கும். குளத்துத் தண்ணீர் பகலிலும் சில்லென்றுதான் இருக்கும். பிள்ளைகள் சந்தோஷமாக ஆட வேண்டுமானால் தண்ணீர் 27 டிகிரியாவது இருக்க வேண்டும். 26 அடி நீளம், 13 அடி அகலம், 4 அடி ஆழம் உள்ள சின்னக் குளத்திலேயே கிட்டத்தட்ட 38,000 லிட்டர் பிடிக்கும். அதை 15 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்குக் கொண்டுவர ஹீட்டர் போட்டால் 500 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும். நம் வீடுகளில் பல பேருக்கு அது இரண்டு மாத கரண்ட். காற்றிலிருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற ஹீட் பம்ப் வைத்திருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கோ, நாலில் ஒரு பங்கோ போதும். ஆனாலும் ராத்திரி திறந்து கிடந்தால் ஏறிய சூட்டில் நல்ல பங்கு காலைக்குள் இறங்கிவிடும். இரண்டு நாள் தங்க வருகிறவர்களுக்காக யார் இதைச் செய்வார்கள்? உங்கள் பிள்ளைகள் ஒரு தடவை குதித்து, உதடு நீலம் பாரித்து, துண்டுக்குள் சுருண்டுகொள்வார்கள். அதற்குப் பிறகு குளம் போட்டோவுக்குத்தான். ஆறு வயதுக் குழந்தையின் சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் பாதுகாப்பு. இந்த மாதிரி வில்லாக்களில் குளத்துக்கு வேலி, ஆழம் எழுதிய பலகை, பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காலையில் பெரியவர்கள் எழுவதற்குள் கதவைத் திறந்துகொண்டு போகிற வயது உங்கள் சின்னதுக்கு. குளத்தைப் பூட்டி வைக்க வழி இல்லாத வீடு என்றால், தண்ணீர் சுடச்சுட இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். நீங்கள் கேட்காத விஷயம்தான், ஆனால் எனக்கு இதில் கோபம் உண்டு. கோடையில் கொடைக்கானல் விடுதிகள் டேங்கரில் தண்ணீர் வாங்குகின்றன. அந்த 38,000 லிட்டர் என்பது 6,000 லிட்டர் லாரியில் ஆறு நடைக்கு மேல். குளத்தைக் கழுவி விடுகிற குளோரின் தண்ணீர் சரிவில்தான் இறங்கும். சரிவில் இருப்பது பூண்டும் கேரட்டும் போட்ட படிக்கட்டு வயல்கள். புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு விளைகிற மண் அது. கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டு, நேரான பதில் வருகிறதா என்று பாருங்கள். உரிமம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அனுமதி இல்லாத கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்தது கொடைக்கானலில் நடந்திருக்கிறது. முன்பணம் கட்டிவிட்டு, பூட்டிய கேட்டுக்கு முன்னால் எட்டுப் பேர் நிற்கக் கூடாது பாருங்கள்.

இந்தப் பயணத்தில் நான் முதலில் யோசிப்பது உங்கள் மாமியாரைத்தான். “பூம்பாறைக்குப் பக்கத்தில்” என்பது மூன்று கிலோமீட்டரும் ஆகலாம், ஜீப் மட்டும் போகிற மண்பாதையில் எட்டு கிலோமீட்டரும் ஆகலாம். உங்கள் வண்டி வாசல் வரை போகுமா, காரிலிருந்து அவர் படுக்கை வரை எத்தனை படி, தரைத்தளத்தில் வெஸ்டர்ன் கழிவறையோடு அறை உண்டா, கரண்ட் போனால் வெந்நீருக்கு என்ன வழி, இதையெல்லாம் கேளுங்கள். சரிவில் கட்டிய வீடுகளில் நல்ல காட்சி தெரிகிற அறை எப்போதும் படிகளுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். அவருக்கு மூச்சிரைப்பு ஏதாவது இருந்தால் கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என் யோசனை: குளம் இல்லாத, படி குறைந்த ஒரு வீட்டை எடுங்கள். வாடகை நிச்சயம் குறையும். காலையில் பனி விலகியதும் மாமியாரைக் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். மூலவர் சிலை பழனியைப் போலவே போகர் செய்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை. பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது: அருணகிரிநாதரை ஒரு ராட்சசியிடமிருந்து காப்பாற்ற முருகன் குழந்தை வடிவில் வந்தாராம், அதனால்தான் குழந்தை வேலப்பர். அதே சாலையில் மேலே போனால் மன்னவனூர். அங்கே மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையும் ஏரியும் உண்டு. ஆறு வயதுக்குக் குளிர்ந்த குளத்தை விட ஆட்டுமந்தை எவ்வளவோ மேல்.

சாப்பாட்டுக்கு வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடமே சொல்லுங்கள், உள்ளூர் வீட்டில் சமைத்துக் கொடுப்பார்களா என்று. பூண்டு ரசம் கேட்டு வாங்குங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஸ்பீக்கர் வேண்டாம். விடிவதற்குள் காட்டு வேலைக்குக் கிளம்புகிற ஊர். இருட்டில் நடை போவதும் வேண்டாம், காட்டுமாடு அந்தப் பக்கம் சர்வசாதாரணம்.

கொழுந்தனாரை நேராக மறுத்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். நீங்கள் மறுக்கவே வேண்டாம். வில்லாக்காரருக்கு அவரையே போன் பண்ணச் சொல்லுங்கள், “தண்ணி எத்தனை டிகிரி இருக்கும்னு மட்டும் கேளுங்களேன்” என்று. தானாகவே யோசிப்பார். அப்படியும் குளம்தான் வேண்டும் என்றால் மே மாதம் போங்கள். நல்ல வெயிலடிக்கிற மத்தியானத்தில் ஒரு மணி நேரம் ஆட முடியும், ஆனால் கூட்டமும் தண்ணீர்ப் பஞ்சமும் அப்போதுதான்.

எந்த மாதம் போனாலும் வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் அது கட்டாயம். நீங்கள் தாராபுரம், பழனி வழியாக ஏறுவீர்கள் என்று நினைக்கிறேன். மலையில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு வளைவுகளில் வாந்தி வரும் என்றால் பழனியில் வயிறு முட்டச் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.