எஃகு இழைக் கான்கிரீட்: கேள்வி பதில்

கேள்வி: கன மீட்டருக்கு 30 கிலோ எஃகு இழை சேர்த்தும் கியூப் சோதனையில் (கான்கிரீட் கனசதுரத்தை அமுக்கி உடைத்துப் பார்ப்பதில்) வலிமை கூடவில்லை. இழை தரமற்றதா?

பதில்: இழையைக் குறை சொல்வதற்கில்லை, அதன் திறனை அறிய கியூப் சோதனை ஏற்றதன்று. 30 கிலோ என்பது கனஅளவில் 0.4 விழுக்காட்டைக்கூட எட்டாது. அந்த அளவு, அமுக்க வலிமையை ஏறத்தாழ அப்படியே விட்டுவிடும். விரிசல் விழுந்த பிறகுதான் இழைக்கு வேலை தொடங்குகிறது. விரிசலின் இருபுறமும் பதிந்திருக்கும் இழை, தன் வளைந்த முனை நிமிர்ந்து, கான்கிரீட்டோடு உரசியபடி மெல்ல உருவிக்கொண்டு வரும்போது ஆற்றலை உள்வாங்குகிறது. அது உருவ வேண்டுமே தவிர அறுந்துவிடக் கூடாது. அறுந்தால் கான்கிரீட் உறுப்பு திடீரென முறியும். இதை அளக்க ஐரோப்பியத் தரமான இ.என். 14651 வழி காட்டுகிறது: 150 மி.மீ. சதுர வெட்டுமுகமுள்ள பீமின் அடியில் 25 மி.மீ. ஆழத்துக்கு ஒரு பிளவு அறுத்து, நடுவில் சுமையேற்றி, அந்தப் பிளவின் வாய் 0.5 மி.மீ., 2.5 மி.மீ. என விரியும்போது எஞ்சிநிற்கும் வலிமையைக் கணக்கிட வேண்டும்.

கேள்வி: அப்படியானால் பீமில் கம்பியையே விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. அமெரிக்க விதியான ஏ.சி.ஐ. 318, குறைந்தபட்ச ஸ்டிரப்புக்கு (முதன்மைக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிக்கு) மாற்றாக மட்டுமே இழையை ஏற்கிறது. அதுவும் கன மீட்டருக்கு 60 கிலோவுக்குக் குறையாமல், பீமின் உயரமும் கான்கிரீட்டின் வலிமையும் வெட்டுவிசையும் (பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையும்) வரம்புக்குள் இருந்தால்தான். முதன்மைக் கம்பி இருந்தே ஆக வேண்டும். மண்ணின் மேல் கிடக்கும் தொழிற்சாலைத் தளத்திலும் சுரங்கப்பாதையின் உட்சுவராக வளையமாகக் கோக்கும் கான்கிரீட் துண்டுகளிலும் நிலைமை வேறு. ஓரிடம் விரிசல் விட்டாலும் சுமை பக்கத்துக்குப் பகிர்ந்து செல்வதால், அங்கே இழை மட்டுமே போதுமானதாக இருப்பதுண்டு.

கேள்வி: கலவையில் இழைகள் பந்துபோல் திரண்டுவிடுகின்றனவே?

பதில்: நீளத்தை விட்டத்தால் வகுத்து வரும் எண் பெரிதாக ஆக இந்தத் தொல்லையும் கூடும். இழையை மூட்டையோடு கவிழ்க்காமல், மிக்சர் வேகமாகச் சுழலும்போது சீராகத் தூவுங்கள். கலவை இறுகியதாகத் தோன்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், கலவையை இளக்கும் வேதிப்பொருளான பிளாஸ்டிசைசரைச் சேருங்கள்.

கேள்வி: மேற்பரப்பில் தெரியும் இழை துருப்பிடிக்காதா?

பதில்: பிடிக்கும், கறையும் தெரியும். ஆனால் இழை மெல்லியது, தனித்தனியானது. கம்பியின் துருவைப்போல் கான்கிரீட்டை உப்பச் செய்து பெயர்த்தெடுக்காது. அகன்ற விரிசலின் குறுக்கே நிற்கும் இழை அரிக்கப்பட்டு மெலிவதே கவனிக்க வேண்டியது. உப்பு ஈரம் படும் இடங்களில் விரிசலின் அகலத்தை வடிவமைப்பிலேயே கட்டுப்படுத்த வேண்டும்.