மைதானம் போனால் திரும்பி வருமா?

கேள்வி: எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கிடக்கும் மைதானத்தில் தொடர்மாடி வரப்போகிறதாம். கையெழுத்து சேர்க்கிறோம், பலன் இருக்குமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: கையெழுத்து நல்லதுதான், ஆனால் அதைக் காட்டி புல்டோசரை நிறுத்த முடியாது தங்கச்சி. முதலில் காணி யாருடையது என்று பாருங்கள். தனியாருடையது என்றால் கஷ்டம். அரச காணி என்றால், எதற்காக ஒதுக்கியது, யார் அனுமதி கொடுத்தது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பத்தரமுல்லைக் கதை தெரியும்தானே? பொதுத் தேவைக்கென்று சுவீகரித்த காணி கோல்ஃப் மைதானத்துக்கும் வசதியானவர்களின் வீடுகளுக்கும் என்று கைமாறியது, 2008இல் உயர் நீதிமன்றம் அது பிழை என்று தீர்த்து, முன்னாள் ஜனாதிபதிக்கே 30 இலட்சம் ரூபா கட்டச் சொன்னது. காலி முகத்திடலில்கூட 1859ஆம் ஆண்டுக் கல்லொன்று நிற்கிறது, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆளுநர் ஹென்றி வார்ட் பின்னால் வருபவர்களுக்குச் சொல்லி வைத்தது. அப்புறம் ஒன்று, அரசின் செயலால் உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு, மீறல் நடந்ததிலிருந்து ஒரு மாதம்தான் தவணை. இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.