வாடிய சோளம், வற்றும் போர்வெல்: மாட்டை விற்பதா, கடன் வாங்குவதா?

கேள்வி: மழை தவறியதால் மானாவாரியில் போட்ட சோளம் ஐம்பது நாளாகியும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. வாடி நிற்கிறது. போரில் தினமும் அரை மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது. கறவை மாடு இரண்டு, வயதான வறட்டு மாடு ஒன்று, நான்கு மாதச் சினைக் கிடேரி ஒன்று, ஆடுகள் பன்னிரண்டு வைத்திருக்கிறேன். சோளத்தில் மாட்டை விட்டு மேய்த்துவிடலாமா? கடன் வாங்கி இன்னொரு போர் போடுவதா, மாடுகளை விற்றுவிடுவதா?

பதில்: முதலில், சோளக் காட்டுக்குள் மாட்டை விடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தண்ணீர் இல்லாமல் வளர்ச்சி நின்றுபோன இளஞ்சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். வெறும் வயிற்றோடு போகும் மாடு அதை அவசர அவசரமாக மேய்ந்தால் சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கும், வாயில் நுரை தள்ளும், தள்ளாடி விழும். ஈறும் கண்ணின் உள்இமையும் வழக்கத்தைவிடப் பளிச்சென்று சிவந்திருக்கும். கைவைத்தியத்துக்கெல்லாம் அப்போது நேரம் கிடையாது. சோடியம் நைட்ரைட்டு, சோடியம் தயோசல்பேட்டு என்ற முறிவு மருந்துகளை ரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டும், அதைக் கால்நடை மருத்துவர்தான் செய்ய முடியும்.

அதற்காகப் பயிரை உழுது அழித்துவிடாதீர்கள், இந்த ஆண்டு அதுதான் உங்கள் தீவனம். அறுத்து மெல்லிய பரப்பாகப் போட்டு, தண்டை ஒடித்தால் படக்கென்று முறியும் அளவுக்குக் காயவிடுங்கள். காயக் காய நஞ்சு பெருமளவு போய்விடும். குவித்து வைத்தால் மேலே காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே கையை விட்டால் கதகதப்பாக இருக்கும். அப்படி இருந்தால் மறுபடி பிரித்துப் போடுங்கள். யூரியா தாராளமாகப் போட்டிருந்தால் நைட்ரேட் நஞ்சு என்று இன்னொரு தொல்லை உண்டு. அது காய்ந்தாலும் போகாது. தண்டின் அடியில்தான் அதிகம் சேரும் என்பதால் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு அறுங்கள். கொடுக்கும்போதும் முதலில் வைக்கோல், பிறகு கொஞ்சமாகச் சோளத்தட்டு என்று பழக்குங்கள்.

சரி, போர். 200 லிட்டர் டிரம் ஒன்று நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறதென்று பாருங்கள். மூன்று நிமிடம் என்றால் அரை மணிக்கு 2,000 லிட்டர். வெயிலில் கறவை மாட்டுக்கு 80, மற்ற மாட்டுக்கு 50, ஆட்டுக்கு 5 லிட்டர் என்று வைத்தாலும் உங்கள் கால்நடைகள் எல்லாம் சேர்ந்து குடிப்பது 320 லிட்டர்தான். வீட்டுச் செலவு போகவும் மிஞ்சும். ஆக, இந்தத் தண்ணீர் உயிர்களுக்குப் போதும், பயிருக்குத்தான் போதாது. பயிருக்காகக் கடன் வாங்கிப் புதுப் போர் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பக்கத்துப் போர்கள் உறிஞ்சும் அதே பாறை இடுக்கில்தான் அதுவும் இறங்கும். தண்ணீர் வராவிட்டாலும் வட்டி வந்துகொண்டிருக்கும்.

உண்மையில் உங்களுக்குத் தட்டுப்பாடு தீவனத்தில்தான். மாட்டுக்கு நாளைக்கு 7 கிலோ, ஆட்டுக்கு 1 கிலோ உலர்தீவனம் என்று குறைத்துப் போட்டாலும் ஐந்து மாதத்துக்கு 6 டன் வேண்டும். கையிருப்பை எடைபோட்டுப் பார்த்து, போதாததற்குத் தக்கபடி விற்றுவிடுங்கள். வறட்டு மாடும் கிடாக்குட்டிகளும் கிழட்டு ஆடுகளும் இப்போதே போகட்டும். விலா எலும்பு தெரிந்த பிறகு, ஊரே விற்கும் நேரத்தில் போனால் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். சினைக் கிடேரியை மட்டும் விற்காதீர்கள்.

வைக்கோல் இருந்தால் அதன் சத்தைக் கூட்டலாம். 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வையுங்கள். எடுத்ததும் சற்று ஆறவிட்டு, மூக்கைக் கரிக்கும் நெடி போன பிறகு போடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு ஆகாது. மீதி யூரியாத் தண்ணீரைக் கால்நடை எட்டும் இடத்தில் வைத்துவிடாதீர்கள், குடித்தால் செத்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு வீடு மட்டும் சிக்கனமாக இருந்து நிலத்தடி நீர் நிற்காது. மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜாரில் மழை முடிந்ததும் ஊரின் நீர் இருப்பைக் கணக்கிட்டு, அந்த ஆண்டு என்ன பயிர் என்று கூடி முடிவெடுக்கிறார்கள். பாசனத்துக்குப் போர் போடுவதற்கே அங்கே தடை. உங்கள் ஊரில் அந்த அளவுக்கு ஒத்துவருவார்களா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான்கைந்து பக்கத்துக் காட்டுக்காரர்களாவது பேசி வைத்துக்கொண்டால்கூட நல்லது.

மழை பெய்ததும் அறுத்த சோளத் தாளிலிருந்து பச்சையாகத் துளிர் கிளம்பும். வாடிய பயிரைவிட அதில் ஆபத்து கூடுதல், அதனால் ஆடு மாடுகளைக் கட்டியே வையுங்கள். அந்த ஈரத்தில் மறுபடி சோளம் விதைக்காமல் கம்பு போடுங்கள், அதில் இந்தச் சயனைடு நஞ்சு கிடையாது. பருவம் பிந்திவிட்டால் கொள்ளு தெளித்துவிடுங்கள்.