ராஜினாமா கடிதம் பெட்டியிலேயே இருக்கட்டும்

கேள்வி: என் கணவர் கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். சென்ற ஆண்டு வந்த மேலாளர், காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் இவருடைய பிழைகளை வாசித்துக் காட்டுகிறார். 'பெருசு' என்றுதான் கூப்பிடுகிறார். மாலை ஆறு மணிக்கு மேல் புது வேலை கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தாலே இவருக்கு வயிற்றைப் பிசைகிறது, இரவில் தூக்கமில்லை. மருத்துவரைப் பார்க்கலாம் என்றால், "என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று சீறுகிறார். இப்போது ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருக்கிறார். பொறுத்துப் போகச் சொல்வதா, விட்டுவிடச் சொல்வதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

பதில்: கடிதத்தைக் கிழிக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். 'சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்' என்ற வழக்கமான வரியில் கையெழுத்திட்டுவிட்டால், நடந்த கொடுமைக்கும் விலகலுக்கும் தொடர்பில்லை என்று உங்கள் கணவரே எழுதிக் கொடுத்ததாகிவிடும். மேலாளர் பொறுப்பில் இல்லாத ஊழியர் ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியிருந்தால், தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் அவரை நீக்கக்கூடாது என்கிறது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. அது நீக்கப்படுபவருக்கான பாதுகாப்பு. தாமாக விலகியவர் அதைக் கேட்டுப் போவது மிகக் கடினம்.

முதலில் உடம்பைக் கவனியுங்கள். கீழ்ப்பாக்கம் என்ற சொல்லைக் கேட்டு அவர் சீறுவதில் வியப்பில்லை. 1794இல் தொடங்கி இன்றுவரை எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பிய ஒரு மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரை நாம்தான் வசவாக்கி வைத்திருக்கிறோம். ஆகவே அந்தப் பேச்சையே எடுக்காமல், வயிற்று வலிக்கும் தூக்கமின்மைக்கும் என்று சொல்லி வழக்கமான குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். தொந்தரவு எப்போது தொடங்கியது, அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்பதை மருத்துவர் தம் குறிப்பில் தேதியோடு எழுதும்படி கேளுங்கள். அவர் மனநல மருத்துவரிடம் அனுப்பினால், சென்னையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்கான புறநோயாளிகள் பிரிவு உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களுக்கு ரகசியக் காப்பு அளிக்கிறது. நிறுவனம் கேட்டது என்பதற்காக மருத்துவர் அவற்றைத் தந்துவிட முடியாது. "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்பது போல் உங்கள் கணவர் ஒரு முறை சொன்னாலும், சாக நினைக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அன்று அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். 'அவமானப்படுத்தினார்' என்று எழுதினால் அது கருத்து. 'செவ்வாய் காலை 9.40, கூட்ட அறை, எட்டுப் பேர் இருந்தார்கள், இன்ன சொல்லைச் சொன்னார்' என்று எழுதினால் அது சான்று. வாய்மொழியாக வரும் வேலைக்கு, "மாலை 6.15க்கு நீங்கள் சொன்னபடி இதைத் தொடங்குகிறேன்" என்று உடனே ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பட்டும். நிறுவனத்தின் கணக்குக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ள மட்டும் வேண்டாம்; அதையே சாக்காக வைத்து வேலையைவிட்டு நீக்கியவர்கள் உண்டு.

இந்தியாவில் பாலியல் சாராத பணியிடக் கொடுமைக்கென்று தனிச் சட்டம் இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆவது உடன்படிக்கை எல்லா வகைப் பணியிட வன்முறையையும் பேசுகிறது; இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. எனவே மனிதவளப் பிரிவுக்கு எழுதும் புகாரில், மேலாளரின் குணத்தை வர்ணிக்காமல், வேண்டியதைக் கேளுங்கள்: வேறொரு மேலாளரின் கீழ் பணி, எழுத்து மூலம் வேலைப் பங்கீடு, பிழைகளைத் தனியே சுட்டிக்காட்டுதல். புகார் கொடுத்தவரையே தொலைவான கிளைக்கு மாற்றித் 'தீர்வு' காணும் பழக்கம் நம் நிறுவனங்களில் இருப்பதால், அதற்குச் சம்மதமில்லை என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடலாம். இவ்வளவும் செய்தபின் வேலையை விடுவது நல்லது என்று தோன்றினால் விடட்டும். அப்போது கடிதத்தில் உண்மையான காரணம் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண்ணை மேற்பார்வையாளர் தினமும் கத்துகிறார். பயத்தில் யாரும் அந்தப் பெண்ணுடன் உட்கார்ந்து சாப்பிடுவதுகூட இல்லை. நான் என்ன செய்ய முடியும்?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: நாளை மதியம் உங்கள் டிபன் பாக்ஸை அவர் மேசைக்கு எடுத்துச் செல்லுங்கள். கண்டதைக் கண்டபடி நீங்களும் குறித்து வையுங்கள். சாட்சி சொல்வீர்களா என்பதை அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். கத்தலில் பாலியல் சீண்டல் ஏதும் கலந்திருந்தால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும்: பத்து பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், விசாரணை நடக்கையில் அந்தப் பெண் இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம். புகாரைச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.